அசரீரியும் அக்கினி மூலையும்

கம்ஸ மகாராஜன் தன் தங்கையின் கல்யாண ஊர்வலத்தில் தானே தேரோட்டிக்கொண்டு சென்றபோது, ஆகாயத்திலிருந்து ஓர் அசரீரி கேட்டதாகப் பாகவதம் சொல்லுகிறது. அந்தத் தேரில் வானொலிப் பெட்டி பொருத்தியிருந்ததாகவோ, அரண்மனை மாடியில் டிஷ் கட்டியிருந்ததாகவோ தகவல் இல்லை. ஆயினும் செய்தி ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டது. கேட்டவனுடைய நிம்மதியும் அந்த நிமிஷத்தோடு போயிற்று. செய்தி கேட்கிறவர்களின் கதி அன்று முதல் இன்று வரையில் அதிகமாக மாறிவிடவில்லை.

இந்தக் காலத்து அசரீரியோ உபகரணம் இல்லாமல் பேசாது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்குச் சரியாகத் தானும் சுற்றி வருகிற செயற்கைக்கோள், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது போல் ஆகிவிடுகிறது. இப்படி மூன்று கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலி பரப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் என்பவர் 1945-ஆம் வருஷத்திலேயே கணக்குப் போட்டு எழுதினார். அவர் பிற்பாடு நம் அண்டை வீடாகிய இலங்கைக்கு 1956-ல் குடிவந்து, 2008-ல் காலமாகும் வரையில் அங்கேயே வாழ்ந்தார். அவருடைய கணக்கு இன்று வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் தட்டாகக் கவிழ்ந்திருக்கிறது.

அந்தத் தட்டிலிருந்து வருகிற சங்கீதத்தைக் கூடத்து ஸ்டீரியோவில் கேட்பது எப்படி என்பதே இவ்வார விஷயம். "இது மெக்கானிக்கின் வேலை அல்லவா? குடும்பப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம்?" என்று சிலர் கேட்கலாம். எத்தனையோ வீடுகளில் ஆசையோடு வாங்கிய ஸ்டீரியோவின் மீது இப்போது பூஜாடியும், கல்யாணப் பத்திரிகைகளும், குழந்தையின் பரிசுக் கோப்பையும் கொலுவிருக்கின்றன. வீட்டில் உள்ள நால்வரும் நாலு மூலையில் காதில் குமிழைச் செருகிக்கொண்டு நாலு பாட்டுக் கேட்கிறார்கள். பாட்டியின் காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. குடும்ப விஷயம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஒரு கம்பெனியின் கதை

ஆகாயத்திலிருந்து நேரே வீட்டுக்கு வானொலி என்பதை நம் நாட்டில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது வேர்ல்ட்ஸ்பேஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் 1990-ல் அதை ஸ்தாபித்தார். செய்தியும் கல்வியும் எட்டாத ஆப்பிரிக்க, ஆசிய ஜனங்களுக்கு அவற்றை எட்டச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆதி எண்ணம். 1998-ல் ஆப்பிரிக்காவுக்காக ஒரு கோளும், 2000 மார்ச்சு மாதத்தில் ஆசியாவுக்காக 'ஏஷியாஸ்டார்' என்ற கோளும் மேலே சென்றன.

அந்தக் கோள் பேசிய அலையின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். அத்தகைய அலைக்கு மழையும் மேகமும் லட்சியமில்லை. சுவரும் கூரையும்தான் விரோதி. ஆகையால் கையகலமுள்ள ஒரு சிறு ஏரியலைக் கிழக்குப் பார்த்த ஜன்னலில் வைத்தால் போதும், பாட்டு வந்துவிடும். கர்நாடக சங்கீதத்துக்கு 'ஸ்ருதி', ஹிந்துஸ்தானிக்குக் 'கந்தர்வ்', தமிழ்ப் பாட்டுக்குக் 'கே.எல். ரேடியோ' என்று தனித்தனி வரிசைகள் இருந்தன. ஏ. ஆர். ரஹ்மான் முகப்பு இசை அமைத்துக் கொடுத்தார். பெட்டியின் பின்புறத்திலிருந்து ஒரு ஒயரை எடுத்து ஸ்டீரியோவில் செருகியவர்கள், நள்ளிரவில் தோடி ராகம் கூடம் நிறையக் கேட்டு, சந்தா கட்டியதற்குப் பலன் கிடைத்தது என்று மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2008 அக்டோபரில் கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. புது வருஷம் பிறந்தபோது பெட்டி ஊமையாயிற்று. பெட்டிக்கு நோய் ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தது, பொத்தான் வேலை செய்தது. ஆனால் அதற்கென்று வந்த அலையைத் தவிர வேறு எதையும் அதனால் வாங்க முடியாது. வந்த அலையும் பூட்டுப் போட்டு வந்தது. பெட்டிக்குச் சொந்தக்காரர் சந்தாதார். சாவிக்குச் சொந்தக்காரர் கம்பெனி. சாவி தொலைந்த பிறகு இரும்புப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கம்பெனியார் கெட்ட எண்ணத்துடன் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் இதே மாதிரி தோன்றிய எக்ஸ்.எம்., சிரியஸ் என்னும் இரண்டு ஸ்தாபனங்கள் 2008-ல் ஒன்றாகச் சேர்ந்து, மோட்டார் வண்டிகளில் கேட்போரின் சந்தாவைக் கொண்டு இன்னும் நடந்து வருகின்றன. அந்த நாட்டுக்கு அது பொருந்தியிருக்கிறது. நம் நாட்டின் ஏழைக் குடும்பத்துக்கும் மத்தியதரக் குடும்பத்துக்கும் பொருத்தமான ஏற்பாடு எது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பூட்டில்லாத ஆகாயம்

அதற்குப் பதில் ஏற்கெனவே நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் ஆரம்பித்து, பிற்பாடு 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என்று பெயர் மாற்றிய சேவைக்கு மாதச் சந்தா கிடையாது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்குவதே செலவு. இப்போது அது வருவது ஜிசாட்-15 என்னும் நமது கோளிலிருந்து. 2015 நவம்பரில் அது மேலே சென்றது. சுமந்து சென்ற ராக்கெட் ஐரோப்பியருடையது, புறப்பட்ட இடம் தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா. எனினும் கோளைக் கட்டியவர்கள் நம் விஞ்ஞானிகள் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

இந்தச் சேவை டெலிவிஷனுக்கு மட்டுமே ஏற்பட்டது என்று பெரும்பாலோர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அதே அலையில் ஆகாசவாணியின் வானொலி வரிசைகள் 40-க்கு மேல் வருகின்றன. தமிழ் வரிசை உண்டு. விவித பாரதி உண்டு. 2016 குடியரசு தினத்தன்று ஆரம்பித்து, இரவு பகலாகச் சாஸ்திரீய சங்கீதத்துக்கென்றே நடக்கும் 'ராகம்' உண்டு. ரிமோட்டில் டி.வி.யையும் ரேடியோவையும் மாற்றும் பொத்தான் ஒன்று சாதாரணமாக இருக்கும். அதை ஒரு முறையாவது அழுத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"டெலிபோனிலேயே எல்லாப் பாட்டும் வருகிறதே!" என்று வாலிபர்கள் சொல்வார்கள். வருவது உண்மைதான். ஆனால் அங்கே நாம் பாட்டைக் கேட்கும்போது பாட்டும் நம்மை உளவு கேட்கிறது. நாம் எதைக் கேட்டோம், எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதெல்லாம் யாரோ ஒருவருடைய கணக்கில் ஏறுகிறது. வானத்திலிருந்து வரும் ஒலிபரப்போ ஒருவழிப் பாதை. மழையைப் போல் எல்லார் வீட்டு முற்றத்திலும் சமமாகப் பொழிகிறது. பாத்திரம் வைத்தவர் பிடித்துக்கொள்ளலாம். யார் பிடித்தார் என்று மேகம் விசாரிப்பதில்லை.

தட்டு எந்தத் திசை?

பாத்திரத்தை வைக்கும் இடம்தான் முக்கியம். ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்க ரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலமாக 134 டிகிரி. அதாவது கச்சிதமாகத் தென்கிழக்கு. நம் பெரியவர்கள் அடுப்பு வைக்கச் சொன்ன அதே அக்கினி மூலை. மதுரைக்காரர்களுக்கு அது இன்னும் சிறிது கிழக்கே தள்ளி, 122 டிகிரியில் இருக்கும். உயரமோ இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய 68 டிகிரி. அதாவது அடிவானத்தைவிட உச்சந்தலைக்கே சமீபம். இதனால் ஒரு சௌகரியம் உண்டு. எதிர்வீட்டு மாடி அநேகமாகக் குறுக்கே நிற்காது. அந்தத் திசையில் ஓங்கிய தென்னை மட்டும் தொந்தரவு செய்யலாம். காற்றில் மட்டை ஆடும்போதெல்லாம் கச்சேரி விட்டு விட்டு வரும்.

தட்டைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்திருப்பதாகத் தோன்றாது. அதன் வளைவு ஒருபுறச் சாய்வாக வார்க்கப்பட்டிருப்பதே காரணம். பார்வை ஒரு பக்கமும் நோக்கம் ஒரு பக்கமுமாக இருக்கும். திசைகாட்டியைக் கம்பி நிறைந்த தூணின் அருகில் பிடித்துத் திசை பார்க்கக் கூடாது. இரும்பு முள்ளை இழுத்துவிடும். சற்று விலகி நின்று பார்த்து, தூரத்தில் ஒரு கோபுரத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கீழே ஒருவர் டி.வி. திரையில் தெரியும் அளவுகோலைப் பார்த்துக் குரல் கொடுக்க, மேலே ஒருவர் தட்டை விரற்கடை விரற்கடையாக நகர்த்த வேண்டும். திரையில் 'வலிமை', 'தரம்' என்று இரண்டு அளவுகள் காட்டும். வலிமை ஏறுவதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. தரம் ஏறினால்தான் கோள் அகப்பட்டதாக அர்த்தம். அகப்பட்டதும் திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஒரேயடியாக முடுக்கினால் தட்டு நகர்ந்து, பட்ட பாடு அத்தனையும் வீணாகும்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் துவாரத்துக்கு வெளியே கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வராமல், அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். மாடியில் உள்ள மூட்டுக்குத் தண்ணீர் புகாத ரப்பர் நாடாவைச் சுற்றுவதும் அவசியம்.

இரண்டு ஒயரில் இருக்கிறது சூட்சுமம்

இனிக் கூடத்துக்கு வருவோம். முதலில் பெட்டி, ஸ்டீரியோ இரண்டையும் அணைத்துவிட வேண்டும். பெட்டியின் முதுகில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துவாரங்கள் இருக்கும். புதுப் பெட்டிகள் சிலவற்றில் மூன்றும் சேர்ந்து ஒரே சிறு துவாரமாக இருக்கும். அதற்கேற்ற ஒயர் கடையில் கிடைக்கிறது. மஞ்சள் படத்துக்குரியது, அதை டி.வி.க்கே விட்டுவிடலாம். வெள்ளை இடது காதுக்கு; சிவப்பு வலது காதுக்கு. இந்த இரண்டையும் ஸ்டீரியோவின் முதுகில் 'ஆக்ஸ்' அல்லது 'லைன் இன்' என்று எழுதியுள்ள ஜோடித் துவாரத்தில் வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பாகச் செருக வேண்டும்.

பக்கத்திலேயே 'ஃபோனோ' என்று ஒரு ஜோடி இருந்தால் அதைத் தொடக் கூடாது. அது இசைத்தட்டுச் சுழலும் பெட்டிக்காக ஏற்பட்டது. ஊசியிலிருந்து வரும் சன்னமான ஓசையை நூறு மடங்கு பெருக்குவதும், அதில் குறைந்திருக்கும் கீழ் ஸ்வரங்களைத் தூக்கிக் கொடுப்பதும் அந்த வாசலின் வேலை. அங்கே செயற்கைக்கோள் பெட்டியைச் செருகினால் மிருதங்கம் இடி முழக்கமாகும். பாடகர் தொண்டையில் கரகரப்புக் கட்டியவர் போல் அலறுவார்.

அளவு வைப்பதிலும் ஒரு முறை உண்டு. பெட்டியின் ஒலியை ஏறக்குறைய முழு அளவில் வைத்துவிட்டு, ஸ்டீரியோவை அடியிலிருந்து மெள்ள மெள்ள ஏற்ற வேண்டும். இதற்கு நேர்மாறாகச் செய்தால் பெட்டியின் மெல்லிய சத்தத்தோடு அதன் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

ஒலிபெருக்கிகளுக்குப் போகும் ஒயர்களையும் ஒரு முறை பார்த்துவிடுவது நலம். இரண்டு பெட்டிகளிலும் சிவப்பு முனை சிவப்போடும், கறுப்பு முனை கறுப்போடும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால், ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். மிருதங்கத்தின் தொப்பி மறைந்துபோகும். பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. சரியாக இருந்தால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வெறும் சுவரிலிருந்து குரல் வரும். கேட்பவர் ஆசனமும் இரண்டு பெட்டிகளும் ஒரு சம முக்கோணமாக அமைவது உத்தமம். பழைய வித்வான்களின் ஒலிப்பதிவுகள் ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. அவற்றில் வயலின் இடப்புறமும் மிருதங்கம் வலப்புறமுமாகப் பிரிந்து கேட்காது. எல்லாம் நடுவிலிருந்தே வரும். அது ஸ்டீரியோவின் குற்றம் அல்ல.

டி.வி. எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பிடித்தமான வரிசைகளின் எண்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டால், திரையை அணைத்துவிட்டு எண்ணை அழுத்தியே கேட்கலாம். பாட்டிக்கும் இது ஒரு நாளில் பழகிவிடும்.

கூப்பிடாமல் வரும் ஒத்து

எல்லாம் இணைத்த பிறகு, பாட்டு இல்லாத சமயத்தில் 'ஊம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கலாம். நாதஸ்வரக்காரர் வராமலே ஒத்துக்காரர் மட்டும் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். இது மின்சாரக் கம்பியிலிருந்து வரும் 50 சுழற்சி ஓசை. மாடித் தட்டின் கம்பம் ஒரு வழியாகப் பூமியைத் தொடுகிறது. ஸ்டீரியோவின் மூன்றாவது முனை இன்னொரு வழியாகத் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவே நம் ஒயர் வளையமாகி, அந்த வளையத்தில் மின்சாரம் சுற்றுகிறது. பெட்டி, டி.வி., ஸ்டீரியோ மூன்றையும் ஒரே பிளக் பலகையில் சேர்ப்பது முதல் மருந்து. அதற்கும் கேட்காவிட்டால், ஒயருக்கு நடுவே வைக்கும் சிறு ஐசொலேட்டர் டிரான்ஸ்பார்மர் விற்கிறார்கள்.

பிளக்கின் எர்த் முனையைப் பிடுங்கிவிட்டால் ரீங்காரம் நின்றுவிடும் என்று யோசனை சொல்லுகிறவர்களும் உண்டு. ரீங்காரம் நிற்கலாம், உள்ளே ஒரு ஒயர் நழுவி இரும்பு உடம்பைத் தொடும் நாளில், தொடுகிறவருடைய மூச்சும் நிற்கலாம். இந்த யோசனையை மட்டும் பரம சிநேகிதர் சொன்னாலும் ஏற்கக் கூடாது. இடி மின்னல் சமயத்தில் பிளக்கையும் மாடிக் கேபிளையும் கழற்றிவிடுவதும் இதே மாதிரி கட்டாயம்.

இந்தச் சேவையின் அலை நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. ஐப்பசி அடைமழையில் நீர்த்துளிகள் அதை விழுங்கிவிடும். மழை தணிந்ததும் பாட்டு திரும்பிவிடும். மார்ச்சு நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், முற்பகலில் சில நிமிஷம், சூரியன் சரியாகக் கோளின் பின்னால் வந்து நின்று தன் இரைச்சலால் அதை மூழ்கடிக்கும். சூரிய பகவானை எதிர்த்துத் தட்டைத் திருப்பிப் பிரயோஜனமில்லை; காத்திருப்பதே வழி. கடைசியாக, மணி அடிக்கும் ஓசையை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அலை மேலே போய்க் கீழே வருவதற்கே கால் விநாடி ஆகிறது. பெட்டி அதைப் பிரித்து ஒலியாக்க இன்னும் கொஞ்சம் ஆகும். ரயிலுக்குப் போகிறவர்கள் கவனிக்க.

ஆகாசவாணிக்கு ஒரு விண்ணப்பம்

தட்டையும் ஒயரையும் நாம் சரி செய்துவிடலாம். மேலேயிருந்து வருகிற சரக்கை யார் சரி செய்வது?

சென்னை நகரசபை 1930-ல் வானொலி நடத்தத் தொடங்கிய காலத்தில், கடற்கரை மணலில் ஜனங்கள் கூடி உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சங்கீதம் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ல் சென்னை நிலையமும், மறு வருஷம் மே மாதத்தில் திருச்சி நிலையமும் ஏற்பட்டன. அவற்றின் மூலம் பெரிய வித்வான்களின் பாட்டு, டிக்கெட் வாங்க வசதியில்லாதவர் வீட்டுக்கும் போயிற்று. அந்தப் பெருமைக்கு நடுவே ஒரு பாடமும் இருக்கிறது. 1952-ல் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டு ஜனங்களுக்கு ஆகாது என்று தீர்மானித்தபோது, ஜனங்கள் அவரோடு வாதாடவில்லை. முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க 1957-ல் விவித பாரதி பிறக்க வேண்டியிருந்தது.

கேட்பவர்கள் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுவதில்லை. சத்தமில்லாமல் எழுந்து போய்விடுகிறார்கள். இப்போது போவதற்கு இடமும் ஏராளம். ஆகவே ஆகாசவாணியார், தங்கள் களஞ்சியத்தில் உள்ள பழைய ஒலிப்பதிவுகளை நல்ல நேரத்தில், பாடுகிறவர் பெயரையும் ராகத்தையும் ஒழுங்காகச் சொல்லி, தனியை நடுவில் அறுக்காமல் ஒலிபரப்ப வேண்டும். ஆகாயம் பொதுச் சொத்து. அதில் வருகிற அலை ஜனங்களின் வரிப்பணம். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

உரிமையைக் கேட்பவர் கடமையையும் செய்ய வேண்டும் அல்லவா? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டீரியோவின் மேலுள்ள பூஜாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஸ்பானருடன் மாடிக்குப் போய் அக்கினி மூலையைப் பாருங்கள். பாட்டு வந்ததும், பாட்டியை நடு நாற்காலியில் உட்கார்த்துங்கள். ஒரு வாரம் கேட்டபின், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றும், இல்லாவிட்டால் எது இல்லை என்றும் நிலையத்தாருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். வானத்திலிருந்து வருவது ஒருவழிப் பாதைதான். தபாலுக்கு இரண்டு வழியும் உண்டு.